அடுத்த சீசனுக்கான ஊசி

பேஸ்போல்காரர்கள் ஸ்டிரொய்ட் ஊசி போட்டு வயதை ஏமாற்றுகிறார்கள் என்று யாராவது தொலைக்காட்சியில் கோட் போட்டுக்கொண்டு பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசி நல்லது என்று நான் சொல்லவில்லை. அதைப் போட்ட ஒருவனை எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இத்தாலியில், பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், நாங்கள் இருந்த கட்டடத்தின் பக்கத்து அறைக்கு ஒரு டொமினிக்கன்காரன் வந்தான். முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதிலிருந்தே சம்பளத்துக்குப் பேஸ்போல் பந்து எறிந்தவன். அமெரிக்காவில் சின்ன ஊர்களின் அணிகள், பிறகு மெக்சிக்கோ, பிறகு வட இத்தாலி, கடைசியில் இங்கே ஒரு சின்னக் கிளப். போன இடமெல்லாம் முந்தியதைவிடக் குறைந்த சம்பளம். கிளப் ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். தோள் போனால் ஒப்பந்தம் போய்விடும், ஒப்பந்தம் போனால் இந்த நாட்டில் இருக்க முடியாது.

என் கணவர் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுகிறவர். கிரிக்கெட் பைத்தியம். இரண்டு பேருக்கும் ஓட்டை இத்தாலியன்தான், ஆனாலும் வாய் மூடாது.

“டேய் தம்பி, பந்து நிலத்தில குத்தாமல் நேரா வாறதை அடிக்கிறதும் ஒரு விளையாட்டோ? எங்கட ஊரில பல்லு முளைக்காததுகளும் அடிக்கும்.”

“அண்ணை, நீங்கள் விளையாட்டுக்கு நடுவில தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள். பேசாமல் இருங்கோ.”

அண்ணை, அக்கா என்ற இரண்டையும் கட்டடத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பிடித்துக்கொண்டான்.

இந்த ஊரில் டொக்டர் ஊசி எழுதிக்கொடுத்தால் அதைப் பார்மசியில் வாங்கிவந்து, போடத் தெரிந்த அயலவரிடம் போட்டுக்கொள்வார்கள். எங்கள் கட்டடத்தில் அந்த ஆள் நான். வன்னியில் சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நின்று பழகிய கை. பொலிதேயாமாப் பக்கம் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட கிழவி சிஞ்ஞோராவுக்கும் நான்தான், தோள் நோவோடு வேலைக்குப் போகும் கணவருக்கும் நான்தான்.

குளிர்காலத்தில் அவனும் ஒரு சின்னப் போத்தலோடு வந்தான்.

“அக்கா, இதை எனக்குப் போட்டு விடுங்கோ.”

“டொக்டரின்ர துண்டு எங்கை?”

“துண்டு இல்லை. இது ஸ்டிரொய்ட்.”

“கிளப்புக்குத் தெரியுமோ?”

“தெரியும். ஆனால் தெரியாது.”

மாட்டேன் என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய்த் தானே போட்டுக்கொண்டான்.

வசந்தத்தில் அவனுடைய தோள் அகன்றது. பந்து சீறியது. கிளப்காரர்கள் வாசல்வரை வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் பார்த்த என் கணவருக்கு மூளை பிசகியது.

எங்கள் சனத்துக்கு ஊசியில் ஒரு பக்தி. குளிசை மட்டும் தருகிற டொக்டர் டொக்டரே இல்லை. ஊசி ஏறினால் நோய் இறங்கும். அதுவும் வெளிநாட்டு ஊசி என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டே விட்டார்.

“தம்பி, உன்ர மருந்தில ஒரு போத்தல் தா. இவ போட்டு விடுவா. நீ எழும்பின மாதிரி நானும் எழும்பவேணும்.”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“இல்லை அண்ணை. இது நோவுக்கு இல்லை. சதையை மட்டும் பெருப்பிக்கும். எலும்போட பிடிச்சிருக்கிற நார் பழசாத்தான் கிடக்கும், ஒரு நாளைக்கு அறும். எனக்கு நித்திரை இல்லை. படியேற நெஞ்சு அடிக்குது. உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு.”

“உனக்கு இல்லையோ?” என்றேன்.

சோற்றை விரலால் ஓரமாக ஒதுக்கினான்.

“ஒரு சீசன் அக்கா. இன்னும் ஒண்டே ஒண்டு.”

“நானும் அதைத்தானே சொல்லுறன்,” என்றார் கணவர். “தோள் நோகுது எண்டு சொன்னால் நாளைக்கே வேற ஆளைப் பிடிப்பாங்கள்.”

இரண்டு தடிமாடுகளையும் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வீட்டிலிருந்த பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து அவன் கையில் கட்டினேன். அந்தப் பருத்த கையைச் சுற்றப் பட்டி போதவில்லை. பிடித்து இழுத்துத்தான் ஒட்டினேன். காட்டிய அளவை நம்பாமல் இன்னொருமுறை அளந்தேன், குறையவில்லை.

“நாளைக்குக் காலமை என்னோட டொக்டரிட்டை வாறாய். வராட்டில் இந்த வீட்டு வாசலை மிதிக்காதை.”

வந்தான். இப்படியே போட்டால் இதயம் தாங்காது என்று டொக்டர் சொன்னார். அன்றோடு ஊசியை நிறுத்தினான்.

கோடை பாதியில் பந்தின் வேகம் போயிற்று. கடைசி ஆட்டத்துக்கு நானும் கணவரும் போனோம். அவன் எறிந்த பந்தையெல்லாம் எதிரணிக்காரர் வெளுத்தார்கள். பின்னால் இருந்த ஒருத்தன், “தாத்தா, வீட்டை போய்ப் படு!” என்று கத்தினான். நான் திரும்பி, “நீ போய் எறியடா பாப்பம், வயித்தைத் தூக்கிக்கொண்டு!” என்று தமிழில் கத்தினேன். விளங்கியிருக்காது, ஆனால் வாயை மூடினான். எங்கள் தம்பியை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே எடுத்தார்கள். தொப்பியைக் கழற்றி எங்களைப் பார்த்து ஆட்டினான்.

கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இளம் ஆட்கள் வேண்டுமாம். குளிர்காலத்தில் அந்தத் தோள் எப்படிப் பருத்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அதில் வந்த வெற்றிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூடர்கள்.

இலையுதிர் காலத்தில் பிரான்காச்சோப் பகுதியில் டயர் மாற்றும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். முதலாளி வேலை ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தான், பெர்மெஸ்ஸோ தப்பியது. முதல் கிழமை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன், எங்கள் வீட்டில், எறிகிற கையைத் தூக்க முடியாமல் இடக்கையால் சாப்பிட்டான். பொக்கெற்றில் நோவுக்குப் போடுகிற குளிசைத் தகடு. முதலாளியே கொடுத்ததாம், நல்ல வேலைக்காரன் என்று சொல்லி.

“விளையாட்டில மூத்திரச் சோதனை எண்டு பேருக்காவது இருந்தது. இதுக்குச் சோதனை கீதனை இல்லையோ, அண்ணை?”

“ஆர் சோதிக்கிறது? திங்கக்கிழமை நீ வந்து நிண்டால் அவனுக்குக் காணும்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்தத் தகட்டை எடுத்து, எந்த மருந்து என்று பார்த்து, சாப்பிட்ட பிறகு ஒன்றுக்கு மேல் போடாதே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.