நுளம்பு வலைக்குள் ஒரு கடல்

பதுளையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பசறை, லுணுகலை என்று வளைந்து வளைந்து இறங்கி, காலையில் சாப்பிட்டதைப் பாதி வழியில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், வாடகை வீட்டின் முன் அறையில், நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் நான் கடல் வளர்த்தேன். மீன் வளர்த்தேன் என்று சொன்னால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். மீன் இரண்டே இரண்டுதான், மற்றதெல்லாம் வீண்வேலை என்பது அவள் கட்சி.

கடலுக்கு முன்னால் தேனீ வளர்த்திருந்தேன். அவை ஒரு மாதம் என்னைப் பொறுத்துக்கொண்டன. பிறகு கூட்டத்தோடு பக்கத்து வீட்டுக் கூரைக்குக் குடிபோய், அங்கே சந்தோசமாக இருந்தன. ரோஜாவும் வளர்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம். எனக்கு ஒன்றில் நிலைத்து நிற்கிற புத்தி கிடையாது. எழுதுகிற வரிகூடப் பாதியில் எழுந்து வேறு பக்கம் போய்விடும். கடல் மட்டும் எப்படியோ இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது.

தண்ணீர் பொத்துவில் பக்கத்திலிருந்து மீன் லொறியில் வந்தது. சந்தையில் மீன் விற்கிறவர் வாரம் இரண்டு கேன் எனக்காக ஏற்றி வருவார். கடலில் சும்மா கிடப்பதை மலைக்குக் கொண்டுவந்து விற்கிற ஒரே வியாபாரி தான்தான் என்று, பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பார். உயிர்கள் கொழும்பிலிருந்து, பொலித்தீன் பையில் காற்று நிரப்பி, ரயிலில் வரும். கடைசியாக வந்ததுதான் கடற்சாமந்தி. பூ மாதிரி இருக்கிற பிராணி. விரல் விரலாக இதழ்கள், நடுவில் வாய். என்னுடைய இரண்டு கோமாளி மீன்களும் அந்த இதழ்களுக்குள்தான் குடியிருக்க வேண்டும். அதுதான் கடலின் ஏற்பாடு.

ஆனால் சாமந்தி வந்த நாளிலிருந்து வெளுத்துக்கொண்டே போனது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது. வெளிச்சத்தைத் தின்று அதுதான் சாமந்திக்கும் சோறு போடுகிறது. என் தொட்டிக்கு மேலே இருந்ததோ இரண்டு டியூப்லைட். சாமந்தி கண்ணாடியைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே ஏறி, தண்ணீரின் விளிம்பில் வந்து, வெளிச்சம் எங்கே என்று கேட்பதுபோல் நின்றது. ஏற்கெனவே இரண்டு பவளங்களைப் பூமாதேவிக்கு ஒப்புக்கொடுத்திருந்தேன். மனைவி தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுவும் செத்துச்சுன்னா தொட்டிய யாருக்காவது குடுத்துருங்க. அந்த எடத்துல நான் தையல் மெஷின போட்டுக்கிறேன்."

அவள் அதிர்ந்து பேசுகிறவள் அல்ல. அதனால்தான் பயந்தேன்.

கொழும்பு வியாபாரியிடம் தொலைபேசியில் புலம்பினேன். மெட்டல் ஹேலைட் விளக்கு ஒன்றை அனுப்பிவைத்தார். விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற சாதி விளக்கு. தொட்டிக்கென்று சற்றே நீலம் கலந்தது. மின்சாரத்தை அளந்து விடுவதற்கு, செங்கல் கனத்தில் தனியாக ஒரு சோக் பெட்டி. பார்சலைப் பார்த்து என்னவென்று மனைவி கேட்டபோது ஆபீஸ் சாமான் என்றேன். எங்கள் அலுவலகத்தில் பேப்பரும் பசையும் தவிர வேறு சாமான் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் மேலே கேட்காமல் விட்டாள். அந்தப் பெருந்தன்மை என்னைக் கொஞ்சம் உறுத்தியது, கொஞ்சம்தான்.

அடுத்த ஞாயிறு அவள் பண்டாரவளையில் தங்கை வீட்டுக்குப் போனாள். பஸ் புகை அடங்குவதற்கு முன் நான் ஏணியில் இருந்தேன். உத்தரத்திலிருந்து இரண்டு சங்கிலி, அதில் விளக்கு. சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. சோக் பெட்டி தொண்டையைச் செருமியது. பிறகு ஊதாவாக ஒரு துளி, அது ரோஜா நிறமாகி, வெள்ளையாகி, நாலைந்து நிமிடத்தில் அறைக்குள் ஒரு நடுப்பகல் இறங்கியது. தண்ணீர் அசைந்தபோதெல்லாம் மணல்மேல் ஒளி வலை வலையாக ஓடியது, சுவரிலும் ஓடியது, சாமிப் படங்களின் முகத்திலும் ஓடியது. இரண்டு வருடமாகத் தண்ணீரைத்தான் வைத்திருந்தேன் போலும். கடல் அன்றுதான் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, வீட்டுக்குள்ளே வெல்டிங் வேலையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மார்கழி மழை. மாலையில் மனைவி நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்றாள். தெருமுனையிலிருந்தே எங்கள் ஜன்னல் தெரிந்திருக்கும். ஒரு பெரிய பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். அவள் குடையை மூலையில் சாய்த்தாள், கொல்லைப்புறம் போனாள், மூன்று நாளாகக் காயாத என் ஆபீஸ் சட்டையைக் கொண்டுவந்து விளக்குச் சங்கிலியில் மாட்டினாள்.

"வெயிலு வீணாப் போகுதுல்ல."

சட்டை காய்ந்தது. சாமந்தியும் காயத் தொடங்கியது.

முதல் நாள் பத்து மணி நேரம் எரியவிட்டிருந்தேன். மறுநாள் பன்னிரண்டு. பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைக்கிற குஷி. மூன்றாம் நாள் காலையில் சாமந்தி கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இதழ்கள் பழைய நூல்மாதிரி சுருங்கி, வாய் திறந்தபடி கிடந்தது. கோமாளி மீன்கள் ஒரு மூலையில் நின்று என்னைப் பார்த்தன. அவற்றிடம் வாடகை முன்பணம் வாங்கிக்கொண்டு வீடு தராதவன்போல் உணர்ந்தேன். வெளிச்சம் இன்னும் போதவில்லை என்று முடிவுகட்டி, விளக்கைத் தண்ணீருக்கு நெருக்கமாக இறக்கச் சங்கிலியில் கை வைத்தேன்.

"கைய எடுங்க."

மனைவி பின்னால் நின்றாள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்றுகளோடு வேலை செய்தவள். குனிந்து கல்லுக்குப் பின்னால் பார்த்தாள். தொட்டிக்கு முன்னால் அவள் குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முந்தா நாள் வரைக்கும் இது எங்க இருந்துச்சு?"

"டியூப்லைட்டுக்குக் கீழ."

"நெழல்ல. அப்புறம் ஒரே நாள்ல பந்தலப் பிரிச்சு உச்சி வெயில்ல விட்டுட்டீங்க. எங்க நர்சரியில எவளாவது இப்புடி செஞ்சிருந்தா, கங்காணி அன்னிக்கே அவளப் புல்லு வெட்ட அனுப்பியிருப்பாரு."

நர்சரியில் கன்று வேர் பிடித்ததும் மேலே போட்ட தழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பார்களாம். முதலில் அங்கொன்று இங்கொன்று, ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். கன்று வெயிலைப் படிக்கக் காலம் வேண்டும். சொல்லிக்கொண்டே உள்ளே போய், கொசு கடிக்காமல் கட்டிலுக்குமேல் கட்டுகிற பழைய நுளம்பு வலையை எடுத்துவந்து, எட்டு மடிப்பாக மடித்து, தொட்டியின் கண்ணாடி மூடிமேல் விரித்தாள். கடல் சட்டென்று மாலையானது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் விளக்கு; நாலு நாளைக்கு ஒரு மடிப்பு. அதைப் பிரிக்கும் அதிகாரம் அவளுக்கு மட்டும்.

அன்றிலிருந்து வீட்டில் ஆட்சி மாறியது. தினமும் காலையில் நான் தொட்டிக்கு முன்னால் பெரட்டுக்கு நிற்க வேண்டும். தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புவார்களே, அதேதான். தண்ணீர் சூடு எவ்வளவு, மீன் தின்றதா, பாசி சுரண்டியாயிற்றா என்று கேள்வி வரும். என்னுடைய பதிலில் உவமை ஏதாவது நுழைந்தால், "அதெல்லாம் நோட்டுல எழுதுங்க" என்று வெட்டிவிடுவாள்.

ஆறு மடிப்பு இருந்தபோது எனக்குப் பொறுமை போயிற்று. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒரு மடிப்பைத் திருட்டுத்தனமாகப் பிரித்துவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியாது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வலையைப் பழையபடி மடித்து, அதற்கு மேல் இன்னொரு மடிப்பும் போட்டாள். மத்தியானம் என் தட்டில் பாதி மீன்துண்டு இருந்தது. கேட்டேன்.

"இன்னைக்கு உங்களுக்கு அரைப் பேருதான்." வேலையைக் கெடுத்தவனுக்குத் தோட்டத்தில் அரைநாள்தான் பதிவு. பாதித் துண்டை முள் வரைக்கும் சாப்பிட்டேன்.

தை பிறந்து, மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கியது. ஐந்து, மூன்று, ஒன்று. சாமந்தி கல்லின் பின்னாலிருந்து ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை நகர்ந்து முன்னால் வந்தது. கடைசி மடிப்பை எடுக்க வேண்டிய நாளில் அவள் எடுக்கவில்லை. ஏன் என்றேன். சும்மா என்றாள். மறுநாள் எடுத்தாள்.

அன்று முழு வெளிச்சத்தில் சாமந்தி விரிந்தது. உள்ளங்கை அகலம், பிறகு தட்டு அகலம். தேயிலைத் தளிரின் பழுப்பு, நுனிகளில் இளம்பச்சை. கோமாளி மீன்களில் பெரியது வாலால் ஒரு இதழைத் தட்டிப் பார்த்தது, விலகியது, திரும்ப வந்து தட்டியது. பிறகு உடம்பு முழுவதையும் உள்ளே புதைத்துக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டியது. சின்னது அதன் பின்னாலேயே புகுந்தது. மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"தொட்டி இருக்கட்டும்" என்றாள்.

கொழும்பு வியாபாரி பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரிடம் விளக்கு வாங்கிய இன்னும் இரண்டு பேரின் சாமந்திகள் புது விளக்கில் கருகிவிட்டனவாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வலையையும் மடிப்பையும் நாலு நாள் கணக்கையும் விளக்கினேன். பிரமாதம், எங்கே படித்தீர்கள் என்றார். நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்றேன்.

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்ததை வாயை மூடிய பிறகுதான் பார்த்தேன். நடந்து வந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாள். அந்தச் சாதி விளக்கை ஒருமுறை அணைத்தால், சூடு ஆறும்வரை என்ன செய்தாலும் எரியாது. வெளியே நல்ல மழை இருட்டு. கால் மணி நேரம் நானும் கடலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.