மணலேறிய உல்லாசப் படகு

மோகனூர்த் துறையில் பரிசல் ஓட்டிப் பிழைத்த ஒருவர், கரையில் நிற்கும்போதும் இழுகயிற்றைத் தோளினின்று இறக்கமாட்டார். மெலிந்த நெடிய உடல். கயிறு பதிந்த தழும்பு தோளில் கறுத்துக் கிடக்கும்.

துரைமார் பொழுதுபோக்காக வந்த விசைப்படகு ஒருநாள் மணலேறிச் சிக்கியது. அவரே கயிறு கட்டி இழுத்து மீட்டார். எழுத்தறியாத அவர் வேண்ட, அவ்வாரச் செய்தித்தாளை நான் படித்துக் காட்டினேன்.

“என்னையப் பத்திப் போட்டிருக்குதுங்களா, சாமி?”

“பரிசல் குறுக்கே வந்துதான் படகு மணலேறிச்சுன்னு போட்டிருக்குது. இனிமேல் இந்தத் துறையில பரிசலே கூடாதுன்னு தலையங்கமும் எழுதியிருக்காங்க.”

“இழுத்துவுட்டதுக்கு ஒரு வரிகூட இல்லீங்களா?”

“இல்லை.”

அவர் சிரித்தார். “பரிசலாச்சும் பேப்பர்ல வந்துச்சுங்களே.”

தடையும் வந்தது. பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்க, அவர் கூலிவேலைக்குப் போனார். கயிறு மட்டும் தோளிலேயே இருந்தது.

அடுத்த கோடையில் அப்படகு மீண்டும் மணலேறியது. துரைமார் அவரையே அழைப்பித்தனர். இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிற்றைப் பிணைத்தவர் நிமிர்ந்து கேட்டார்.

“இப்பக் குறுக்க வந்தது எந்தப் பரிசலுங்க, தொரை?”

விடைக்குக் காத்திராமல் அவர் இழுக்கலானார். அக்கேள்வியை மறுவாரத் தாளில் தேடினேன். படகோட்டிய துரையின் திறமையைத்தான் புகழ்ந்திருந்தார்கள்.