பார்க்காமல் சொன்ன எழுபத்தெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அறையில் ஒரு பல்லி கண்ணாடிப் பெட்டியின் சுவரிலிருந்து வழுக்கி விழுந்தது.

பல்லி வழுக்குமா? நீங்களே சொல்லுங்கள். சுவரிலும் கூரையிலும் தலைகீழாக நடக்கிற ஜென்மம் அது. பெட்டியின் பாதி உயரம் வரை ஏறியது, பிடி விட்டது, தொப்பென்று விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி தொப்.

மூன்றாவது முறை அது ஏறவே இல்லை. கீழே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அந்த இனத்துக்கு இமை கிடையாது, கண் கொட்டாமல்தான் பார்க்கும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னால் அந்தப் பார்வைக்கு எதிரே நிற்க முடியவில்லை.

கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்... என் மேல்தான். வேறு சிலர் மேலும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் இங்கே கொட்டப்போகிறேன்.

பல்லியின் பெயர் இஞ்சி. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற ரகம் இல்லை. கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி முள் வரிசை வைத்த வெளிநாட்டு கெக்கோ. என் மகள் ஜெசிந்தாவுடையது. அவள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், அங்கேயே தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒன்றரை மாதப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டியோடு இஞ்சியைக் கடலூர் முதுநகரில் இருக்கும் என்னிடம் விட்டுப் போனாள்.

போகும்போது சொன்னாள்.

“அப்பா, இது சூடு தாங்காது. உங்க ஏசி ரூம்லயே இருக்கட்டும். ஆனா காத்து காஞ்சிடக் கூடாது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஸ்ப்ரே பண்ணுங்க. உள்ள ஒட்டியிருக்கற மீட்டர் எம்பது கிட்ட வரணும். அப்புறம் மெதுவா அம்பதுக்கு எறங்கணும். எறங்கினதும் திருப்பி ஸ்ப்ரே. எப்பவும் சொதசொதன்னும் இருக்கக் கூடாது, பூஞ்சை புடிச்சிடும். தெனமும் சாயங்காலம் போன் பண்றேன், எவ்ளோ காட்டுதுன்னு சொல்லுங்க.”

“எனக்கேவா ஈரப்பதம் சொல்லித் தர்றே?” என்றேன்.

கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, சுற்றாதது ஒன்று... இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுக் காற்றின் ஈரத்தை அளக்கும் கணக்கை எத்தனை பேருக்கு நடத்தியிருப்பேன்!

வீட்டுக்கு வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பதையும் கேளுங்கள். சிப்காட்டில் வேலை பார்க்கிற என் மச்சான் சூசை, மனைவியின் தம்பி, அறைக்குள் எட்டிப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

“ஏன் மாமா, ஊரே வெந்து சாவுது, பல்லிக்கு ஏசியா? எங்க வூட்ல முப்பது பல்லி சும்மா கெடக்குது. புடிச்சாந்து உடட்டுமா? அதுங்களும் ரெண்டு நாளு ஜாலியா இருந்துட்டுப் போவட்டும்.”

எதிர் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. “சார், இது தோள்ல விழுந்தா என்னா பலன்? காலண்டர்ல நம்மூரு பல்லிக்குத்தான் போட்டிருக்கான்.”

அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு எரிச்சல். காட்டில் இருந்தால் அது ஈரம் தேடி இலைக்கு அடியில் போகும், மரப்பொந்துக்குள் போகும். நாம் நாலு கண்ணாடிக்குள் அடைத்துவிட்டோம். இனி அது எங்கே போகும்? அதன் மழையும் பனியும் நம் கையிலிருக்கும் ஸ்ப்ரே பாட்டில்தான். இது கூடவா புரியாது? அன்று இப்படித்தான் சூசையிடம் பொரிந்து தள்ளினேன்.

இவ்வளவு பேசியவன் செய்ததைக் கேளுங்கள்.

முதல் பத்து நாள் ஒழுங்காகத் தெளித்தேன். பதினோராவது நாள் மீட்டர் அணைந்துவிட்டது. அதற்குள் இருப்பது ஒரு பொத்தான் பேட்டரி. வாட்ச் கடையில் கிடைக்கும். கடைத்தெரு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஜெசிந்தாவிடமிருந்து போன்.

“எவ்ளோப்பா காட்டுது?”

கையில் செல்போன். அதில் வானிலைப் பக்கம். கடலூர், ஈரப்பதம் எழுபத்தெட்டு.

“எழுபத்தெட்டும்மா.”

“சூப்பர்ப்பா.”

பொய் என்று அப்போது தோன்றவில்லை. கடலூர்தானே? சட்டை போட்ட ஐந்தாவது நிமிடம் முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊர். கல் உப்பு ஜாடியில் கரைந்து நிற்கிற ஊர். இங்கே போய்க் காற்றில் ஈரம் இல்லையென்று யார் சொல்வது? அடுத்த நாள் எண்பத்தொன்று என்றேன். அதற்கடுத்த நாள் எழுபத்தாறு. ஊரே இத்தனை ஈரமாக இருக்கும்போது தெளிப்பது எதற்கு? குடிக்கக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதே... ஸ்ப்ரே பாட்டில் ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தது.

இப்படிப் பதினெட்டு நாள்.

இஞ்சி விழுந்த அன்று பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அதன் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிலும் வெள்ளையாக ஏதோ, கிழிந்த சாக்ஸ் மாதிரி. பல்லி தோலுரிக்கும், உரித்ததைத் தானே தின்றும்விடும். காற்று காய்ந்திருந்தால் தோல் முழுதாகக் கழலாது, விரல்களில் இறுகிக்கொள்ளும். பிடிமானமே அந்த விரல்களில்தான். அப்படியே விட்டால் ரத்தம் ஓடாமல் விரலே உதிர்ந்துவிடும். இதெல்லாம் ஜெசிந்தா எழுதி ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் இருந்தது. நான் அன்றுதான் அதை முழுதாகப் படித்தேன்.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்தேன். “பல்லியா சார்? மாடு, ஆடு, நாய்னா வாங்க” என்றார், சிரித்துக்கொண்டே. வலியில் இருக்கும் உயிரைப் பற்றிச் சொன்னால் ஒரு மருத்துவருக்குச் சிரிப்பு வரலாமா? போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் கிளம்பினேன். மூடியில் ஓட்டை போட்ட டிபன் டப்பா, உள்ளே ஈரத் துணி, துணியின் மேல் இஞ்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “என்னா சார், டப்பாவ இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க?” என்றார். பல்லி என்றேன். சட்டென்று எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் டப்பாவுக்குள் ஏதாவது அசைகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். கொஞ்ச நேரம் அசையும். கொஞ்ச நேரம் அசையாது. அசையாத நேரத்தில் மூடியை லேசாகத் திறந்து பார்த்தேன்.

ஜெசிந்தா இஞ்சியை வாங்கிய வளர்ப்பு மீன் கடை அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் கபீர் பாய், முப்பத்தைந்து வயது இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஒரு டப்பாவில் பரப்பி, இஞ்சியை அதில் விட்டு அரை மணி நேரம் மூடி வைத்தார். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, ஒவ்வொரு விரலாக, உருட்டி உருட்டித் தோலைக் கழற்றினார். இழுக்கவே இல்லை. அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூசியது.

“ரூம்ல ஏசி ஓடுதுங்களா சார்?”

“நாள் முழுக்க ஓடுது. ஆனா நம்ம ஊரு கடல்காத்துதானே பாய், ஈரத்துக்கு என்ன கொறச்சல்?”

அவர் தலை நிமிரவில்லை. “ஏசிக்கு வெளிய ஓஸ் தொங்குதுல்ல சார், அதுல சொட்டுற தண்ணிய என்னா பண்றீங்க?”

“வாளி வெச்சுப் புடிச்சு செம்பருத்திக்கு ஊத்துறேன்.”

“தெனம் ஒரு வாளி வருமா?”

“வரும்...”

“அது ரூம்புக்குள்ள இருந்த ஈரம்தான் சார். இவனுக்கு வேண்டியது. நீங்க செடிக்கு ஊத்திட்டீங்க.”

நக்கலாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னார். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் — கரும்பலகையில் நான் படம் போட்டு நடத்திய பாடம். அந்த வாளியைத் தினமும் என் கையாலேயே தூக்கியிருக்கிறேன். ஒரு நாளாவது யோசித்தேனா? வெளியே எழுபத்தெட்டு, என் அறையில் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்தேனா?

அன்றிலிருந்து என்னை அறுத்துக்கொண்டிருப்பது இதுதான். செய்முறை வகுப்பில் அளக்காமலே அளவு எழுதுவதைப் பிள்ளைகள் ‘ரீடிங் குக் பண்றது’ என்பார்கள். அப்படி எழுதியவர்களின் ரெக்கார்டு நோட்டை முகத்துக்கு நேரே கிழித்திருக்கிறேன். “கண்ணால பாக்காத எண்ணை எழுதுறவன் நாளைக்கு எதைத்தான் எழுத மாட்டான்?” என்று எத்தனை பிள்ளைகளை அழவைத்திருப்பேன்! அவர்கள் குக் பண்ணியதால் யாருடைய விரலும் போகவில்லை.

பின்கால் விரல் ஒன்றின் நுனி ஏற்கெனவே கறுத்துவிட்டது. “இது விழுந்துடும் சார், திரும்ப மொளைக்காது. மத்ததெல்லாம் பொழைச்சிடும், ஏறிடுவான்” என்றார் பாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மேடத்துகிட்ட நான் ஒண்ணும் சொல்லிக்க மாட்டேன். சில சமயம் தானாவும் இப்படி ஆவறதுதான்.”

நல்ல மனிதர். தப்பிக்க வழி திறந்து வைத்தார். அந்த வழியில் போகலாமா என்று கடை வாசலில் நின்று ஐந்து நிமிடம் யோசித்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். எதையும் விடாமல் சொன்னேன்.

“அப்ப அந்த எழுபத்தெட்டு, எம்பத்தொண்ணு எல்லாம்...?”

“செல்போன்ல பாத்துச் சொன்னதும்மா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“எனக்கு அப்பவே இடிச்சுதுப்பா. ஏசி ரூம்ல தெனமும் எம்பது எப்படி வரும்னு. கூகிள்ல தேடிக்கூடப் பாத்தேன். அப்புறம்... அப்பா பாத்துதானே சொல்லியிருப்பாருன்னு வுட்டுட்டேன்.”

அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரியான சந்தேகம். அதை நசுக்கியது நான் கூட இல்லை, என் மேல் அவள் வைத்திருந்த மரியாதை. வயதானவர்கள் நாம், பிள்ளைகள் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள் என்று கூடிக் கூடிப் புலம்புகிறோம். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று யாராவது கேட்டார்களா? எனக்குத் தெரிந்தவரை நான் அதை மெத்தையாகப் போட்டுப் படுத்திருந்தேன்.

புதுப் பேட்டரி போட்டு, தெளிக்காமல் மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. இப்போது இரண்டு வேளையும் தெளிக்கிறேன். நேற்று இஞ்சி பாதிக் கண்ணாடி வரை ஏறி அங்கேயே நின்றது. ஒரு விரல் மட்டும் ஒட்டவில்லை. ஜெசிந்தா வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அவளுக்கு மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன். நேற்று அனுப்பியதும் பதில் வந்தது.

“இது இன்னிக்கு எடுத்ததாப்பா?”

சுர்ரென்று ஏறியது. என்ன கேள்வி இது? யாரிடம் கேட்கிறாள்?

அப்புறம் அன்றைய பேப்பரை எடுத்து, தேதி தெரிகிற மாதிரி மடித்து மீட்டர் பக்கத்தில் வைத்து, இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன்.