ரசமட்டமும் ஒரு கோல்ஃப் பலகையும்

திருச்சியில் கோல்ஃப் சாமான் விற்பவன் பாதி நேரம் விற்பனையாளன், மீதி நேரம் கோல்ஃப் என்றால் என்ன என்று பாடம் நடத்தும் வாத்தியார். கதவைத் தட்டிப் பொருள் விற்றுப் பழகிய அன்பர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். நீங்களாவது ஊருக்குத் தெரிந்த சாமானை விற்றீர்கள்.

நான் விற்பது ஒரு மடக்குப் பலகை. கோல்ஃபில் பந்தைக் கடைசியாகக் குழிக்குள் மெதுவாக உருட்டிவிடுவதற்குப் பட்டிங் என்று பெயர். தூரமாக அடிப்பதில் சூரர்களெல்லாம் இதில்தான் கோட்டை விடுவார்களாம். என் பலகையைக் கூடத்தில் விரித்தால் மேலே பச்சைத் துணி, ஒரு முனையில் குழி, மறுமுனையில் மட்டை கோணாமல் போய்வர இரண்டு அலுமினியச் சட்டங்கள். தினம் கொஞ்ச நேரம் அடித்துப் பழகினால் கை படியும். மடக்கினால் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பம்ப்செட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். பலகையைச் செய்து கொடுப்பவர் என் மனைவியின் அண்ணன் செல்வராஜ். அரியமங்கலத்தில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கும்போதே கெடுவும் வைத்துவிட்டார். "ஆடி முடியிற வரைக்கும் பாப்போம் மாப்ள. கோல்ஃப் நல்லாத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது பாத்துட்டு வாங்கணும். இல்லன்னா மூலையக் காலி பண்ணிட்டு, நீங்க பழைய கம்பெனியிலயே கேட்டுப் பாருங்க."

பழைய மேனேஜரிடம் நான் வீராப்பாகப் பேசிவிட்டு வந்திருந்தேன். அங்கே போய் மறுபடி நிற்க வேண்டாமே என்றுதான் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினேன்.

கண்டக்டரின் யோசனை

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பலகையோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். ஆடி வெள்ளிக்கிழமை, நிற்க இடமில்லை. "என்ன சார் அது, கதவா?" என்று கண்டக்டர் கேட்டார். காவிரிப் பாலம் ஏறும்போது ஆரம்பித்த பாடத்தை அம்மா மண்டபம் வரை நடத்தினேன். மட்டை, பந்து, குழி, கை ஆடாமல் அடிக்க வேண்டிய அவசியம், எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்றிருந்த அம்மாள் கூடச் சுவாரசியமாகக் கேட்டார்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "குழி பக்கத்துலதானே சார் இருக்கு? குனிஞ்சு கையால எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகாம, இதுக்கு ஒரு பலகையா?"

மாப்பிள்ளைச் சீர்

முசிறியில் ஒரு வாழை மண்டிக்காரர் போனில் கூப்பிட்டார். புது மாப்பிள்ளை பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடுவாராம். ஆடிப்பெருக்குக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறவருக்குத் துணிமணியோடு இதையும் சீராக வைக்க ஆசை. அடித்துக் காட்டச் சொன்னார். ஏலம் முடிந்து கழுவிவிட்டிருந்த மண்டித் தரையில் பலகையை விரித்தேன்.

நான் அடித்த பந்து குழியைத் தாண்டி வாழைத்தாருக்குள் போய் ஒளிந்துகொண்டது. தார் சுமக்கிறவர் ஒருவர் மட்டையை வாங்கி அடித்தார், விழுந்தது. அவ்வளவுதான், மண்டி முழுவதும் வரிசையில் நின்றுவிட்டது. கணக்கு எழுதுபவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் பலகையை மடக்கப் போனபோது மண்டிக்காரரே குறுக்கே வந்து நின்றார். "இது இங்கயே இருக்கட்டுங்க. மாப்பிள்ளைக்கு வேற ஒண்ணு கொண்டாங்க. அவருக்கென்ன, பெங்களூர்ல ஆயிரம் கெடைக்கும்."

வீடா, பலகையா?

முசிறி வெற்றியை மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன். "மண்டி சொன்னா கணக்குல வராது, ஆட்டம் தெரிஞ்சவங்க சொல்லணும்" என்று வெல்டிங்கைத் தொடர்ந்தார். அந்தச் சமயம் பார்த்து ஸ்ரீரங்கத்திலிருந்து புகார் வந்தது. உத்திர வீதியில் இருக்கும் சம்பத் சார், வங்கியில் ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியபோது கோல்ஃப் பைத்தியம் பிடித்து ஊர் திரும்பியவர். பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் ஒரு பலகையைக் கொடுத்துவைத்திருந்தேன். அவர் மனைவி ரமா மாமி இன்னும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். "முரளி, உங்க பலகை ஓரவஞ்சனை பண்றது. எப்படி அடிச்சாலும் பந்து இடது பக்கம் முற்றத்தைப் பாத்தே ஓடறது. வந்து பாருங்கோ" என்றார் சார்.

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். பட்டறையிலிருந்து எது வெளியே போனாலும் அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் இருக்கும் நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் அனுப்பாதவர் அவர். ஸ்ரீரங்கத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவே முற்றம். மச்சான் பலகையைத் தூக்கிவிட்டு வெறும் தரையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. கழுவிவிட்ட தண்ணீர் முற்றத்துக்கு வடிய வேண்டும் என்று கொத்தனார் தரைக்கு வாட்டம் விட்டுப் போட்டிருக்கிறார். நம் ஊரில் எந்த வீட்டுத் தரைதான் வாட்டமில்லாமல் இருக்கிறது? இந்த யோசனை எங்கள் இருவருக்குமே வரவில்லை.

மச்சான் மறுநாளே பலகைக்கு நான்கு மூலையிலும் திருகு கால் வைத்தார். திருகினால் ஏறும், இறங்கும். எந்தத் தரையிலும் குமிழியை நடுவில் நிறுத்திவிடலாம். மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. "பலகை மேல ஒரு குத்தமும் இல்லீங்க சார். உங்க வீடுதான் சாஞ்சிருக்கு." உள்ளே ரமா மாமி டம்ளரை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது.

கேள்வி கேட்ட கோச்

ஆடி முடியப் போகிற வாரம். மலையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் ஜெயந்த், சம்பத் சார் மகனுடைய நண்பர், பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தார். சார் போன் செய்ததும் மச்சானையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். மச்சான் திருகு கால்களைத் திருகி, குமிழியை நடுவில் நிறுத்தி, தள்ளி நின்றார். ஜெயந்த் அடித்தார், விழுந்தது. மறுபடியும் அடித்தார், விழுந்தது. மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஆனா இதே மாதிரி நிறைய வந்திருச்சு" என்றார். பழைய மேனேஜரின் முகம் என் கண்முன் வந்து சிரித்தது.

அப்போது சம்பத் சார், "நான் இப்படி ஆடறதில்லையே" என்று குனிந்து திருகு கால்களை முழுவதும் உள்ளே திருகிவிட்டார். பலகை தரையோடு படிந்து முற்றத்துப் பக்கம் சாய்ந்தது. மச்சான் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஜெயந்த் அடித்தார். பந்து இடப்பக்கம் வழுக்கிக் குழியை விட்டு விலகிப் போனது. இன்னொன்றும் அப்படியே. சார் மட்டையை வாங்கினார். சட்டங்களைக் கொஞ்சம் வலப்பக்கம், கூடத்து ஊஞ்சலைப் பார்க்கத் திருப்பி வைத்து அடித்தார். பந்து ஊஞ்சல் பக்கம் கிளம்பி, பாதியில் மனசு மாறி, வளைந்து வந்து குழியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஜெயந்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அங்கிள், மைதானத்துல சமதரையே கிடையாது. சரிவு பாத்து அடிக்கிறதைச் சொல்லிக்குடுக்கத்தான் நான் படாத பாடு படறேன். நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

சார் வாயைத் திறப்பதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற ரமா மாமி பதில் சொன்னார். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஆத்தை அலம்பி விடறது இவர்தான். ஜலம் எந்தப் பக்கம் திரும்பும்னு இவருக்குத் தெரியாதா? வெளில சொல்லாதேங்கோ, கௌரவக் குறைச்சலாம்!"

மச்சானின் மகிழ்ச்சி

ஜெயந்த் திருகு காலைத் திருகிப் பார்த்தார். வலது சரிவு, இடது சரிவு, மேடு, பள்ளம், கேட்டபடி வந்தது. வாட்டத்தைப் போக்க வைத்த கால் வாட்டத்தை வரவழைக்கவும் செய்யும் என்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். தன் மைதானத்துக்கு இப்படிப்பட்ட பலகைகள் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் நான் ரமா மாமி கொடுத்த காபியைச் சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓடுகிற குமிழியையே பார்த்துக்கொண்டு வந்தார். அரியமங்கலத்தில் இறங்கியதும் பட்டறையில் எனக்கு ஒதுக்கிய மூலையில் கிடந்த கிரில் கம்பிகளைத் தானே தூக்கி வெளியே போட்டார். "இத்தன வருசமா கோணலா இருக்குன்னு கேட்டைத் திருப்பி அனுப்புன ஆளுங்களத்தான் பாத்திருக்கேன். கோணலா வேணும்னு கேட்டு வாங்குற மகராசனை இன்னைக்குத்தான் பாக்குறேன் மாப்ள."

ஆக, ரசமட்டம் இல்லாமல் மூச்சுக்கூட விடாத மச்சானும், கோல்ஃப் மைதானத்தை இன்றுவரை கண்ணால் பார்க்காத நானும், கோணலை ஒழுங்காகச் செய்து கொடுத்து நேர்மையாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.