அரிசிக்காளானுக்கு ஏன் அந்தப் பெயர்

மருதனார்மடம் சந்தையில் கீரை விற்கிற பிரசாந்தியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஐப்பசியில் இடியோடு மழை பெய்த மறுநாள், அவளுடைய சைக்கிள் கூடையில் கீரைக்கட்டுகளோடு வாழையிலைப் பொட்டலம் ஒன்றும் இருக்கும். அதற்குள் அரிசிக்காளான். சுண்டுவிரல் நகமளவு வெள்ளைக் குடை, உச்சியில் சின்னக் கூர். கறையான் மண்ணில் நூற்றுக்கணக்கில் கிளம்பும். அதில் ஒன்று வேறு முகமாய்த் தெரிந்தாலும் பிடியோடு எறிந்துவிடுவாள்.

போன வருடம் என் மகன் சிவகரன் கனடாவிலிருந்து வந்தான். வந்த நாள் முதல் காளான் கறி கேட்டான். பிரசாந்தியிடம் அன்று இல்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் முளைத்திருந்ததை நானே பிடுங்கினேன். கொஞ்சம் பெரிதுதான், மழைக்குக் கொழுத்திருக்கு என்று நினைத்தேன். தண்டை வெட்டி எறிந்துவிட்டுக் குடையை அவித்தேன். கூடவே ஒரு பிடி அரிசி. அரிசி கறுத்தால் நஞ்சு. கறுக்கவில்லை. அதனால்தானே அரிசிக்காளான் என்று பெயர்?

தேங்காய்ப்பால் விட்டு இறக்கும்போது பிரசாந்தி கீரையோடு வந்தாள்.

“காளான் மணக்குது பெரியம்மா. ஆர் தந்தது?”

“உன்னை விட்டா எங்களுக்குக் காளான் தெரியாதோ? அரிசி போட்டுப் பாத்தனான். வெள்ளையாக் கிடக்கு.”

“அரிசி கொட்டினமாதிரி முளைக்கிறதாலைதான் அந்தப் பேர். அரிசிக்கு நஞ்சு தெரியுமே? அடியைக் காட்டுங்கோ.”

“வெட்டி எறிஞ்சிட்டன்.”

குப்பைக்குள் குந்தியிருந்து தண்டுகளைப் பொறுக்கிவந்தாள். கழுத்தில் வளையம். அடியில் காலணி மாட்டியதுபோலக் கிண்ண உறை.

“அரிசிக்காளான் காப்பும் போடாது, சப்பாத்தும் போடாது பெரியம்மா.”

“உன்னட்டை வாங்கேல்லை எண்டுதான் என்ரை கறியைப் பழிக்கிறாய்.”

சிவகரன் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து நின்றான். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் வீட்டுக் கோடியில் மண்ணைத் தோண்டிக் கிடங்கு வெட்டிக் கறியைத் தாட்டு மூடிவிட்டாள்.

“கோவமெண்டாக் கோவியுங்கோ” என்றாள்.

பிறகுதான் சொன்னாள். சண்டைக்கு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தபோது அவள் வீட்டார் காளான் தின்று வாந்தியெடுத்து விழுந்தார்களாம். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தவள் அவள் ஒருத்திதான். அப்போது எட்டு வயது. ஒழுங்கையில் வீடு வீடாக ஓடி ஆள் கூட்டியிருக்கிறாள். எல்லோரும் பிழைத்தார்கள்.

அப்படியும் நான் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. அடுத்த மழைக்கு அவளே பொட்டலத்தோடு வந்தாள். எல்லாம் மண்ணோடு, அடியோடு.

ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தேன். காப்புமில்லை, சப்பாத்துமில்லை. அடுப்பில் வைத்தபிறகு ஒரு பிடி அரிசியும் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“அரிசி என்ன சொல்லுது பெரியம்மா?”

“உன்னைக் கேக்கச் சொல்லுது” என்றேன்.