நிதானம் நிறுத்தாத நிறுத்தம்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் வைத்த பெயர் நிதானம். பாராட்டி வைத்ததல்ல, கிண்டலுக்கு வைத்தது. முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. நேரத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்த நாட்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசி ஆள் ஏறி, கம்பியைப் பிடித்து, கால் ஊன்றி நின்ற பிறகுதான் வண்டி நகரும். "நிதானம் வண்டியா? அப்ப நான் ஒரு டீ குடிச்சிட்டே வரலாம்" என்று ஆட்கள் சொல்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

ஓட்டும்போது பேச மாட்டார். ஓட்டாதபோதும் அப்படித்தான். கண்டக்டர் பின்னாலிருந்து வண்டித் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் கிளம்பு. அவருக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான் என்று நான் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அப்படிச் சிரித்தே முப்பத்தைந்து வருடத்தைத் தள்ளிவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. ஒருநாள் வேலை விஷயமாக நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊருக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே பெட்ரோல் பங்கில் இவளுக்குப் பின்னால் நின்றவன், இவள் நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று ஆரம்பித்து, இவள் நிறத்தைச் சொல்லி, உன் நாட்டுக்குப் போ என்று கத்தி, கார்க் கதவை உதைத்து, பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்து, முகத்துக்கு நேரே துப்பிவிட்டுப் போயிருக்கிறான். போலீஸில் புகார் கொடுத்தாள். எங்களிடம் சொன்னது மூன்று மாதம் கழித்து. அதையும் அழாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வதைப்போலச் சொன்னாள். அன்று வீடு வந்து சேர்ந்ததற்குப் பிறகு அவள் கார் ஓட்டவே இல்லை என்பதை நாங்கள் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

வழக்கு விசாரணை அந்தச் சின்ன ஊரிலேயே. அவள் நேரில் வந்து சொல்லாவிட்டால் வழக்கு போய்விடும். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. பஸ் வாரத்தில் இரண்டு நாள், அதுவும் விசாரணை நாளுக்கு ஒத்துவராது. கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"விட்டுடலாம்மா. போனது போகட்டும்" என்றாள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பொய் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மகள் உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று நினைக்கிற ஜாதி நான். அவர்தான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான உரிமம். புறப்படும் முன்பே எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறார்.

"நான் ஓட்டுறேன்" என்றார்.

அங்கே எல்லாமே இடம் மாறி இருந்தது. வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது. முதல் நாள் மிடுக்காகப் போய் ஏறி உட்கார்ந்தவர், எதிரே ஸ்டியரிங் இல்லாமல் வெறும் பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. கியருக்குப் போன இடது கை கதவுப் பிடியில் போய் முட்டியது. கிளட்ச் தேடிய இடது கால், கிளட்சே இல்லாத வண்டியில், ஓட்டிப் பழகிய நான்கு நாளும் தேடிக்கொண்டே இருந்தது. திரும்ப சிக்னல் போட்டால் மழை துடைப்பான் ஆடியது. மகள் குடியிருந்த கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில் விடியற்காலையில் சுற்றிச் சுற்றி வந்தோம். மேல்மாடியில் ஒரு ஜன்னல் திரை விலகும். யாரோ பார்ப்பார்கள். எதற்குப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

வண்டியில் ஏறுவதற்கு முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் தினமும் ஒரு தரம் தடவுவார். உதை விழுந்த பள்ளம் அங்கேதான் இருந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

புறப்படும் முன் மகள் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். சின்னக் கடைகளில் நிற்கக்கூடாது. போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேலே தெரிய வேண்டும், சட்டென்று பைக்குள் கை விடக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது. யாரையும் உற்றுப் பார்க்கக்கூடாது. பெற்ற பெண் இப்படிப் பயந்து பயந்துதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் என்னவோ போனில் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் இருநூறு கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. நான் பின்சீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிய சாலை முடிந்து சின்னச் சாலை வந்தது. இரண்டு பக்கமும் வேலி போட்ட வெட்டவெளி. அப்புறம் ஒரு பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம்.

எதிர்க்கரையில் ஒரு பழைய சரக்கு வண்டி வந்து நின்றது. முன்விளக்கை ஒரு முறை போட்டு அணைத்தது. இவர் உடனே நிறுத்திவிட்டார். நம் ஊர்ச் சாலையில் விளக்கைப் போட்டுக் காட்டினால், நான் வருகிறேன், நீ நில் என்று அர்த்தம். அந்த வண்டி வரவில்லை. மறுபடியும் விளக்கைக் காட்டியது. இவர் இன்னும் ஓரமாக ஒதுங்கி, வா என்று தானும் விளக்கைக் காட்டினார். மாறி மாறி நாலு தரம். எங்களுக்குப் பின்னால் இரண்டு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹார்ன் அடித்தான்.

சரக்கு வண்டியின் கதவு திறந்தது. ஒரு ஆள் இறங்கிப் பாலத்தின் மேல் எங்களைப் பார்த்து நடந்து வந்தான். ஆள் ஆஜானுபாகு.

"கதவைப் பூட்டுங்கப்பா" என்றாள் மகள். "பூட்டுங்க. கண்ணாடியை இறக்காதீங்க. ப்ளீஸ்ப்பா."

இவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்தார். கண்ணாடியைப் பாதி இறக்கினார். அந்த ஆள் குனிந்து எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். ஏதோ சொன்னான். கையைப் பாலத்தின் பக்கம் வீசினான். பிறகு நிமிர்ந்து வண்டியின் கூரையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான். ஒன்று, இரண்டு.

மகள் தலையைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டுக்குக் கீழே குனிந்துவிட்டாள். அவருக்கோ அந்தத் தட்டு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. கால் தானாக அழுத்த, வண்டி கிளம்பிப் பாலத்தைத் தாண்டிவிட்டது.

அங்கே விளக்கைக் காட்டினால் நீ முதலில் போ என்று அர்த்தமாம். மகள் பிறகு சொன்னாள். அப்படியானால் அந்த ஆள் எங்களுக்கு வழி விட்டவன். சொன்னது நல்ல வார்த்தையா, அவன் முகத்தில் இருந்தது எரிச்சலா, நாங்கள் யார் என்று பார்த்ததால் வந்ததா, நேரமானதால் வந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் போனதுதான் அந்த நாட்டில் என்னை அதிகம் வதைத்தது.

பாலத்துக்கு அப்பால் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினார். மகள் குனிந்தபடியே சொன்னாள்.

"திரும்பிடலாம்பா. என்னால முடியாது. அங்க அவன் இருப்பான், அவனோட ஆளுங்க இருப்பாங்க. நான் சொல்றதை யார் நம்பப் போறா?"

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "திருப்புங்க வண்டியை" என்றேன். அவர் எஞ்சினை அணைத்தார். முன்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு பேசினார். நான் அவரிடம் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

"நம்ம ரூட்டுல ஆலைக்குப் பின்னாடி ஒரு ஸ்டாப்பு உண்டு பாப்பா. குப்பை அள்ளுறவங்க, சாக்கடை வேலை செய்றவங்க இருந்த இடம். அவங்க ஏறினா மத்தவங்க மூஞ்சியைச் சுளிப்பாங்கன்னு யாரும் வண்டியை நிறுத்த மாட்டாங்க. வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஆறு வருஷம் நானும் நிறுத்தல."

மகள் தலையைத் தூக்கினாள்.

"ஒரு நாள் ஒரு அம்மா கையில பிள்ளையோட நின்னாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் போல, தலை தொங்கிக் கிடந்துச்சு. கை காட்டினாங்க. ரோட்டுக்கே வந்துட்டாங்க. நான் வளைச்சு ஓட்டிட்டுப் போயிட்டேன். மறுநாள் டிப்போவுக்கு வந்து புகார் கொடுத்தாங்க. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அவங்க முன்னாடியே கேட்டார். ஸ்டாப்புல யாருமே நிக்கல சார்னு சொன்னேன். அவங்க என்னையே பாத்துட்டுப் போயிட்டாங்க."

ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"மறுநாள்லேர்ந்து நிறுத்த ஆரம்பிச்சேன். ஆனா சொன்ன பொய் சொன்னதுதான். அப்ப உனக்கு ரெண்டு வயசு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் ஒரே தலையணையில் படுத்த மனுஷன் இதை என்னிடம் சொல்லவில்லையே என்பது பாதி. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்தக் கதவுப் பள்ளத்தைத் தடவினார் என்பது மீதி. வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பேன். மகள் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

"தெரியாது. நான் கேக்கல."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

"வண்டியை எடுங்க" என்றாள்.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் ஜாடி, சுவரில் கடிகாரம். அவள் முகத்தில் துப்பியவன் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தெருவில் பார்த்தால் நல்ல மனிதன் என்று நினைப்பேன். பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருந்த பெண்மணியை முதலில் கூப்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று இவர் மகளிடம் கேட்டார்.

"யாரையும் பாக்கலையாம். குனிஞ்சு பெட்டி அடுக்கிட்டிருந்தாங்களாம்."

இவர் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எதையும் பிடிக்காமல் நிற்கிற ஆளை ஏற்றிக்கொண்டு நகர மாட்டாரே, அந்த மனுஷன்தான். நான் அவரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

பிறகு மகள் எழுந்து போய்ப் பேசினாள். இருபது நிமிடம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. திரும்பும்போது பாலம் வரைக்கும் அவளே ஓட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. கண்ணாடியை உடைத்ததற்கு அபராதம். மற்றதற்குச் சாட்சி போதவில்லை.

"சொல்லிட்டேன்ல, அது போதும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மகள். "ஆனா சொல்லிட்டேன்." விமான நிலையத்தில் அப்பாவின் கையைப் பிடித்து, "போய் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றாள்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஆலை மூடிக் கிடந்தது. பின்னால் இருந்த குடியிருப்பில் இப்போது சிமெண்ட் வீடுகள். டிப்போவில் புகார் கொடுத்த அம்மா என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்ததில் வீடு தெரிந்தது. அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. இவரை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது அந்தக் கைகள் நின்றதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரவில்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"அன்னிக்கு நீங்க ஸ்டாப்புல நின்னீங்க. நான் பாத்தேன்" என்றார்.

உள்ளேயிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஈரத்தலையைத் துவட்டியபடி வந்து, "யாரும்மா?" என்றார்.

"உன்னைத் தூக்கிட்டு நின்னப்ப நிக்காம போனாருல்ல, அந்த பஸ் டிரைவர்" என்றார் அந்த அம்மா. பிறகு இவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நான் நின்னது எனக்குத் தெரியாதா டிரைவரே? இதை நீங்க எங்கிட்டயா சொல்லணும்? அன்னிக்கு அங்க சொல்லியிருக்கணும்."

இவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினார். மகன் எங்களை நடைவாசல் வரைக்கும்கூட வழியனுப்பவில்லை. அதில் குறை சொல்ல எங்களுக்கு வாய் ஏது?

வெளியே வந்து அதே நிறுத்தத்தில் நின்றோம். வெயில். தூரத்தில் பஸ் தெரிந்ததும் அவர் ரோட்டோரத்துக்குப் போய்க் கையைத் தூக்கினார். முப்பத்திரண்டு வருடம் அதே ரூட்டில் ஓட்டியவர், அந்த இடத்தில் நின்று கை காட்டியது அன்றுதான். வண்டி வந்து முழுசாக நிற்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.