மூன்றாவது வண்டியின் ஹேண்ட்பிரேக்

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கடியப்பட்டணத்தில் கடற்கரைக்கு இறங்கும் சிமெண்ட் சாலையில் நடந்தது இது. நேரத்தை நிமிடத்தோடு சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அது நடந்துகொண்டிருந்தபோது நான் அந்த நேரத்தைத்தான் டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். சிலிண்டரை மூடினால் இன்னொரு தடவை திருகிப் பார்ப்பேன். ஹேண்ட்பிரேக் போட்டால், இறங்கும்போது அதை ஒருமுறை சுண்டி இழுத்துப் பார்ப்பேன். இந்தக் கடைசிப் பழக்கத்தால் ஓர் உயிர் போகப் பார்த்தது.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், முப்பது வருடம் வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்தவர். இராஜாக்கமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மூன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வைத்திருந்தார். மூன்றும் ஒரே கம்பெனி, மூன்றும் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியவை, தலைமுறைதான் வேறு. ஒன்று அறுபதுகளில் வந்தது. அடுத்தது எண்பதுகளில். கடைசி, இரண்டாயிரத்தை ஒட்டி. முதல் வண்டி கேரளத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கிடைத்தது. அதை ஓட வைக்க அவருக்கு ஆறு வருடம் பிடித்தது.

அந்த வருடம் அவருக்கு வலது இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. இவ்வளவு தாழ்வான வண்டியில் இனி ஓட்டக் கூடாது, யாராவது தூக்கி வைத்தால் பக்கத்தில் உட்காரலாம் என்றார் டாக்டர். அக்கா அதோடு தன் தீர்ப்பையும் சேர்த்துக்கொண்டாள். “ஷெட்டுல ஒண்ணு நிக்கட்டும். மத்த ரெண்டும் போவணும். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு?”

எதை வைத்துக்கொள்வது என்பதில் அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். “மக்கா, நீ ஓட்டு. நான் பக்கத்துல இருந்து பாக்கேன். மூணையும் ஒரே ரோட்டுல, ஒரே நேரத்துல ஓட்டணும். ஒனக்க டைரியில எழுது. நீ எழுதுனா பொய் இருக்காது, கேட்டியா?”

எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. மூன்று சனிக்கிழமைகள், காலை ஆறரைக்குப் புறப்பாடு, முட்டம் வழியாகக் கடியப்பட்டணம். அங்கே கரைக்கு இறங்கும் சரிவின் மேல்முனையில் நிறுத்தி, இறங்கி, குறிப்பு எழுதிவிட்டுத் திரும்புவது என்று திட்டம் போட்டேன். டயர்க் காற்றைக்கூட ஒவ்வொரு முறையும் அளந்தேன்.

முதல் சனிக்கிழமை புதிய வண்டி. நினைத்த இடத்தில் நின்றது, நினைத்த பக்கம் திரும்பியது. பள்ளத்தில் இறங்கியதே தெரியவில்லை. ‘குறை ஒன்றும் இல்லை. ஓட்டியதாகவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது சனிக்கிழமை எண்பதுகளின் வண்டி. அது முரட்டு ஆள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் கேட்காத மாதிரி இருக்கும். மனதுக்குள் இரண்டு எண்ணுவதற்குள் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் பாயும். முட்டம் வளைவில் ஒருமுறை அப்படிப் பாய்ந்ததில் அத்தான் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ‘சுகம் உண்டு. நம்பிக்கை இல்லை’ என்பது அன்றைய குறிப்பு.

மூன்றாவது சனிக்கிழமை, கோழிக் கொட்டகை வண்டி. கூரை இல்லை. மெலிந்த மர ஸ்டியரிங், ஒரு சுளகு அகலம். பவர் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்குக்கு உதவி கிடையாது. எல்லாம் நம் கைகால் பலம்தான். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் போவது நூறு போல இருந்தது. ஆனால் சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் கையில் சொல்லிவிட்டு வந்தது அந்த வண்டி. பெட்ரோல் வாசனையும் உப்புக்காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அத்தான் வழி முழுக்க எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

புறப்படும் முன்பு ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் டிரைவருக்கு வலப்பக்கம், கதவை ஒட்டி இருக்கும். “இது மத்த வண்டிக்கு நேர் எதிர். இழுத்து, பொத்தான அமுக்குனாத்தான் பிடிக்கும். பொறவு சும்மா ஒரு இழுப்பு இழுத்தா விட்டுரும். பந்தயக்காரன் சட்டுனு எடுக்கதுக்காக அப்பிடி வச்சிருக்கான்.” நான் அதையும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

சரிவின் மேல்முனையில் நிறுத்தினேன். இழுத்தேன், பொத்தானை அமுக்கினேன், பிடித்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன். இறங்கியவன், முப்பது வருடப் பழக்கத்தில், சரியாகப் போட்டிருக்கிறேனா என்று அந்தப் பிடியை ஒருமுறை சுண்டி இழுத்தேன். அப்போது என் கண் அதில் இல்லை. இடது கையில் இருந்த கடிகாரத்தில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நான்கடி தள்ளிப் போய், கடலைப் பார்த்து நின்று, டைரியைத் திறந்தேன்.

சக்கரத்துக்கு முன்னால் காற்று குவித்திருந்த மணல் மேடு கொஞ்ச நேரம் வண்டியைத் தாங்கியிருக்க வேண்டும். அத்தான் தண்ணீர் பாட்டிலுக்காகப் பின்னால் திரும்பியிருக்கிறார். அந்தச் சின்ன அசைவு போதுமானதாக இருந்தது.

‘காலை 7.10. ஹேண்ட்பிரேக்: நன்று’ என்று எழுதி முடித்தபோது கீழேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“ஏய் சாரே! ஒமக்க வண்டி வருது வேய்!”

திரும்பினேன். வண்டி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அத்தான் இடது இருக்கையில், டிரைவர் இல்லாத வண்டியில், என்னைத் திரும்பிப் பார்த்தபடி போனார். பிரேக்கை மிதிக்க அவரால் காலைத் தூக்கிப் போட முடியாது. ஹேண்ட்பிரேக் அந்தக் கடைசியில் இருக்கிறது. குதிக்கவும் முடியாது. சரிவின் கீழே ஏழெட்டுப் பெண்கள் தார்ப்பாயைச் சுற்றி உட்கார்ந்து நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு வலப்பக்கத்தில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகள்.

டைரியைப் போட்டுவிட்டு ஓடினேன். எட்டவில்லை. வண்டியின் பின்புறத்தை விரல் நுனியால் தொட்டேன், அவ்வளவுதான்.

அத்தான் அப்போது வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரே கையால், இடுப்பில் தையல் போட்ட உடம்போடு, அந்தப் பாரமான சக்கரத்தை வலப்பக்கம் வளைத்தார். வண்டி பெண்களை விட்டு விலகியது. பாறைகளைப் பார்த்துத் திரும்பியது. அவர் அதைத் தெரிந்தேதான் செய்தார்.

முதலில் கத்திய அந்தப் பெண் அதற்குள் எழுந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் வைக்கும் உருட்டுக்கட்டைகள் அங்கே கிடக்கும். ஒன்றைத் தூக்கி முன்சக்கரத்துக்குக் குறுக்கே எறிந்தாள். வண்டி அதில் இடித்து, ஏறி, மறுபக்கம் விழுந்தது. வேகம் பாதியாகிவிட்டது. “வச்சிட்டேன், அடுத்தது வைய்யி!” என்றாள். வலை கோத்துக்கொண்டிருந்த ஒருவர், வள்ளம் இழுக்கும் நாளில் வைப்பதுபோலவே, ஓடிப்போய் இரண்டாவது கட்டையைக் காலால் தள்ளினார். அது சக்கரத்தின் கீழ் சொருகிக்கொண்டது. வண்டி முனகி நின்றது. அவர்களுக்கு அது தினப்படி வேலை. வள்ளம் பின்னால் வழுக்கும்போது யார் எதைச் செய்வது என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை.

பாறைக்கும் வண்டிக்கும் இடையே நான்கு சாண். பிறகு அளந்தேன், அந்த நேரத்திலும் அந்தப் புத்தி போகவில்லை.

நான் போய்ச் சேர்ந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் வேறு என்னவோ இருந்தது.

“சும்மா இழுத்துப் பாத்தியாக்கும்?” என்றார்.

“ஆமா.”

“நான் ரெண்டு மட்டம் சொன்னேனில்லா?”

“எழுதியும் வச்சேன் அத்தான்.”

அதற்குச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கட்டை எறிந்த பெண் மேலே கிடந்த என் டைரியை எடுத்து வந்து, மணலைத் தட்டிக் கொடுத்தாள். “எல்லாம் எழுதி முடிச்சாச்சா சாரே? இல்ல, இன்னொருக்க உருட்டி விடணுமா?”

அதைக் கேட்டதும் வெட்கப்படாமல் அழுதேன். அவள் உடனே குரலை மாற்றினாள். “விடும். ஒண்ணும் ஆவலியே. மாதா காத்தா.” யாரோ தேநீர் வாங்கி வந்தார்கள். நாலு பேர் சேர்ந்து அத்தானைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

நன்றி சொல்வதற்கு என்ன செய்யட்டும் என்று அவளிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “என்னை ஒரு வட்டம் இதுல கூட்டிட்டுப் போவணும்.” மீன் வாசனை போகக் கையைக் கடலில் கழுவிவிட்டு வந்து ஏறினாள். கோயில் முக்கு வரை போய்த் திரும்பினோம். மற்றப் பெண்கள் விசில் அடித்தார்கள். இறங்கியதும் அத்தானிடம் தன் மதிப்பீட்டைச் சொன்னாள். “குலுக்கம் ஆட்டோவை விட மோசம் அண்ணா. ஆனா வள்ளத்துல இருக்க மாதிரி இருக்கு. அடியில என்ன வருதுன்னு உடம்புக்குத் தெரியுது.”

“அதேதான்” என்றார் அத்தான்.

திரும்பும் வழியில் பாதி தூரம் கழிந்து அவரே பேசினார். “மக்கா, இதுதான் நிக்கணும். மத்தது ரெண்டையும் குடுத்துரலாம். கடைசியா ஒருக்க நான் ஓட்டிட்டேன், பாத்தியா? ஒத்தக் கையால பிடிச்சேன். கேட்டுச்சு.” வீட்டுத் தெருவில் திரும்பும்போது, “ஒனக்க அக்காகிட்ட மூச்சு விடப்பிடாது” என்றார்.

வாசலில் வண்டி நின்றதும், இறங்குவதற்கு முன்பாகவே, அவரே அக்காவிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். தன் சாகசத்தில் தொடங்கி, என் முட்டாள்தனத்தில் முடித்தார். அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, இதையும் எழுதுவியா?”

“எழுதுவேன்.”

“ஒனக்க தப்பு ஒண்ணு விடாம எழுது.”

எழுதினேன். அந்தப் பக்கத்தில் ‘நன்று’ என்ற சொல்லின் கடைசி எழுத்து முடிந்த இடத்திலிருந்து ஒரு பேனாக் கோடு தாளின் ஓரம் வரை போகிறது. அதை அடிக்கவோ திருத்தவோ இல்லை. பூட்டை இப்போதும் இழுத்துப் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் இழுத்த கையை உடனே எடுப்பதில்லை. சரிபார்ப்பது கையின் வேலை என்று அத்தனை வருடம் நம்பியிருந்த எனக்கு, இழுத்த பிறகு அது என்ன ஆயிற்று என்று ஒரு கணம் நின்று பார்ப்பதுதான் அந்த வேலை என்பது, நான்கு சாண் இடைவெளியில் தப்பிய அந்தக் காலையில்தான் தெரிந்தது.